வடகீழ்ப் பருவக்காற்றும் எங்கள் மலையும்

டிசம்பரில் குளிர்நாட்டு மலைகளில் பனிச்சறுக்கு. எங்கள் பதுளையிலோ மழை. ஏன்? புவியியல் பாடத்தில் நான் கற்றதைச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டே ஊவாவுக்குள் இறங்குகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வங்கக்கடலின் ஈரத்தை நேரே நம் சரிவில் சேர்க்கிறது.

அதற்கு முந்திய இடைப்பருவ மழையும் கடுமையானது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். சுவரில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று: தோழியரே, பெற்றோரே, இவற்றைக் கண்டால் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்.