பழைய சோறும் மறுநாள் பிரியாணியும்

கல்யாண வீட்டில் மிஞ்சிய பிரியாணியை அண்டாவோடு மூடி வைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று ஆம்பூர்ப் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள்.

செய்யும். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. தம் உடைத்த அண்டா மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு 121 டிகிரி சூட்டை ஒன்றரை மணி நேரம் தாங்கும். நம் அடுப்பு அதற்கு எம்மாத்திரம்? மிஞ்சியதை அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அப்படியானால் இரவெல்லாம் வெளியே இருக்கும் பழைய சோறு மட்டும்? ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்கள் அவசரமாகக் குடித்துவிட்டுப் போகும் அந்தப் பழைய சோற்றில் நடப்பது வேறு. ஊற்றிய தண்ணீரில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிப்பை உண்டாக்குகிறது. புளிப்பு ஏற ஏற பேசில்லஸ் சீரியஸின் வளர்ச்சி முடங்குகிறது. ஆனால் சோறு ஆறியவுடனே, நல்ல தண்ணீராக ஊற்ற வேண்டும். பல மணி நேரம் சும்மா கிடந்த சோற்றில் நஞ்சு ஊறியிருந்தால், பிறகு வரும் புளிப்பு அதைப் போக்காது.

இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குள் போகிறது என்பதும் தவறு. ஆவியில் அது செத்துவிடும். இட்லி எளிதில் செரிக்கக் காரணம், மாவிலேயே அது செய்து முடித்த வேலை. தயிர், மோர், பழைய சோறு இவற்றில்தான் பாக்டீரியா உயிரோடு இருக்கும். அதிலும் பெரும்பாலானவை குடலில் தங்காமல் சில நாட்களில் வெளியேறிவிடும்.

நிரந்தரமாகக் குடியிருப்பவை பெருங்குடலின் பாக்டீரியாக்கள். அவற்றுக்கும் தீனி வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழு, 2000-ல் வெளியான ஆய்வில், 48 காலரா நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஓஆர்எஸ் என்னும் உப்பு சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தது. குடல் பாக்டீரியா அதை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்க, அவற்றின் துணையால் பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சியது. பேதியும் சீக்கிரம் நின்றது.

ஆறிய சோற்றிலும் இப்படிச் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் உண்டு. அதை நம்பி, பேதி கண்ட பிள்ளைக்கு நீராகாரம் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் ஓஆர்எஸ் கரைசலைக் கொடுங்கள்.