நோயாளியின் கட்டிலருகே நம் சொற்கள்

கரிசல் பூமியில் உள்ள நாகலாபுரம் தமிழ் முஸ்லிம்களுக்குப் பெருமை தரும் ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அவர்கள் 1642-ல் பிறந்தது இவ்வூரில்தான் என்பர். 5,027 விருத்தங்களைக் கொண்ட அக்காவியம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வஃபாத்தைப் பாடுமுன்னரே நின்றுவிடுகிறது. எனினும் மரணத் தறுவாயில் சொல்லத்தக்க சொல் எது, தகாத சொல் எது என்பதை ஹதீஸ்கள் நமக்கு விளக்குகின்றன.

புலவர் பிறந்த இம்மண்ணில் துயரம் மிகுந்தால் சொல்லும் உவமையாகவே வருகிறது. கோவில்பட்டியிலோ மதுரையிலோ மருத்துவமனைக் கட்டிலில் அத்தா மூச்சுத் திணறிக் கிடப்பார். பார்க்கச் சென்றவர்களோ, "வீட்டுத் தூண் சாயுதே! எங்களை யாரிடம் விட்டுப் போறீங்க?" என்று கதறுவார்கள். அன்பினால் வருவதுதான். ஆயினும் மார்க்கம் இதைப் பற்றி என்ன கூறுகிறது?

ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களும் ஒரு கவிஞரே. ஒருமுறை அவர்கள் நினைவிழந்து கிடந்தார்கள். சகோதரி அம்ரா (ரலி) அவர்கள், அவரை மலையென்றும் இன்னும் பலவாறும் அடுக்கிச் சொல்லி அழலானார்கள். நினைவு திரும்பியதும், நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் அப்படிப்பட்டவன்தானா என்று என்னிடம் கேட்கப்பட்டது என அப்துல்லாஹ் அவர்கள் கூறினார்கள். பின்னர் கி.பி. 629-ல் மூத்தா போரில் அவர்கள் ஷஹீதானபோது அம்ரா அவர்கள் அழவில்லை. இதை அறிவிப்பவர் அம்ராவின் மகனார் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள், புகாரியில் காணப்படுகிறது.

மலை என்ற உவமையை ஆராய்ந்து பாருங்கள். மலை என்றால் நாம் சாய்ந்து நிற்கும் துணை. அத்துணை உண்மையில் அல்லாஹ் ஒருவனே அன்றோ? அடியான் தாங்க முடியாத பட்டத்தை நாம் சூட்ட, அதற்கு அவன் பதில் சொல்ல நேர்கிறது. மேலும், உயிரோடிருப்பவரை இறந்தவராக்கி அழும் அச்சொல் அவர் காதிலும் விழலாம். நினைவற்றவர் போல் கிடப்பவருக்கும் செவி கேட்கக்கூடும் என்று மருத்துவர்களும் கூறுகின்றனர்.

அப்படியானால் அழவே கூடாதா? ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் அவர்கள் பார்க்கச் சென்று, அவர்களின் நிலை கண்டு அழுதார்கள். கண்ணின் நீருக்காகவும் நெஞ்சின் கவலைக்காகவும் அல்லாஹ் தண்டிப்பதில்லை; இதன் காரணமாகவே தண்டிக்கிறான் அல்லது இரங்குகிறான் என்று தம் நாவைச் சுட்டிக் காட்டினார்கள். அன்று சுற்றத்தார் சூழக் கிடந்த ஸஃது அவர்கள் பிழைத்தெழுந்து, நாயகத்தின் வஃபாத்துக்குப் பின்னும் வாழ்ந்தார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

நாயகம் அவர்கள் காட்டிய சொற்களிலும் கவிநயம் இல்லாமலில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு கிராமவாசியைப் பார்த்து, கவலையில்லை, இது இன்ஷா அல்லாஹ் 'தஹூர்' என்றார்கள். தஹூர் என்றால் தூய்மை செய்வது. நோய் பாவத்தைக் கழுவும் நீராகிறது. நோயாளியைக் காணச் செல்பவர் திரும்பும் வரை சுவனத்துக் கனி பறிப்பவராக இருக்கிறார் என்பதும் அவர்களின் வாக்கே. 'இயாதத்' என்னும் அரபுச் சொல்லின் வேரிலேயே மீண்டும் மீண்டும் வருதல் என்ற பொருள் உண்டு. ஒருநாள் வந்து கதறிவிட்டுப் போவதில் அக்கடமை முடிவதில்லை.

ஆகவே மருத்துவமனைக்குச் சென்றால் குறைந்த நேரமே இருங்கள். கையை மெல்லப் பற்றி, ஷிஃபாவுக்காக துஆச் செய்யுங்கள். வீட்டாரைப் பற்றிக் கவலை வேண்டாம், அல்லாஹ் இருக்கிறான் என்று தேற்றுங்கள். சக்ராத் நிலை கண்டால் அவர் காதில் விழும்படி கலிமாவை மெதுவாகச் சொல்லுங்கள். சொல், சொல் என்று வற்புறுத்தாதீர்கள். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசாதவரை மறுபடியும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது உலமாக்களின் அறிவுரை.

கண்ணீர் வந்தால் வரட்டும், அது ரஹ்மத். நாவை மட்டும் காத்துக்கொள்வோம். வல்ல நாயன் நம் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும், நம் அனைவருக்கும் கலிமாவுடன் கூடிய நல்ல முடிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.