"உங்க கிளப் மெம்பர்ஷிப்பை 6 லட்சத்துக்கு வாங்கிக்கிறோம் சார்!" டைம்ஷேரை விற்பது எப்படி, ஏமாறாமல் தப்பிப்பது எப்படி?

"மால்ல கூப்பன் எழுதிப் போட்டேன், கிஃப்ட் வாங்கப் போன இடத்துல 25 வருஷ ஹாலிடே மெம்பர்ஷிப் எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப இதை எப்படி விக்கிறது?" வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன பலருக்கும் இருக்கிற கேள்வி இது. இன்னைக்குப் பாடம் அதைப் பத்திதான்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். டைம்ஷேரை விக்க நினைக்கிறவங்களைத் தேடி ஒரு மோசடிக் கும்பல் போன் பண்ணிக்கிட்டே இருக்கு. அதுல இருந்து தப்பிக்க ஒரே ஒரு கணக்கும், ஒரே ஒரு வாக்கியமும் தெரிஞ்சா போதும்.

நீங்க வாங்கினது என்ன?

டைம்ஷேர்னா சொத்து இல்லைங்க. இந்தியாவுல விக்கிற பெரும்பாலான திட்டங்கள்ல உங்களுக்குக் கிடைக்கிறது, வருஷத்துக்கு இத்தனை நாள் அந்தக் கம்பெனியோட ரிசார்ட்டுகள்ல தங்குற உரிமை மட்டும்தான். பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. 1986-ல சென்னையில தொடங்கின ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ், 1996-ல வந்த மஹிந்திரா ஹாலிடேஸோட கிளப் மஹிந்திரா, இவங்கதான் நம்ம ஊர்க்காரங்களுக்குக் கொடைக்கானல், ஊட்டி, மூணாறுன்னு இந்த வியாபாரத்தை அறிமுகப்படுத்தினவங்க. இவை நிஜமான கம்பெனிகள், நிஜமான ரிசார்ட்டுகள். அந்தக் கம்பெனிகளோட பேரைச் சொல்லி, அவங்களுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ பண்ற போன் காலைப் பத்திதான் நாம பேசப் போறோம்.

இதுல செலவு ரெண்டு வகை. ஒண்ணு, மெம்பர்ஷிப் தொகை. பெரும்பாலும் இஎம்ஐ-யில கட்டுவோம். இன்னொண்ணு, வருஷாந்திரப் பராமரிப்புக் கட்டணம். நீங்க போனாலும் போகலைன்னாலும் இது வரும், விலைவாசியோட சேர்ந்து ஏறும். விக்கும்போது உங்க விலையைக் கீழே இழுக்கிறது இந்த ரெண்டாவது செலவுதான்.

உண்மையான விலை எவ்வளவு? கணக்குப் போடுவோம்

வாலிநோக்கத்துல பிறந்து சென்னையில வேலை பார்க்கிற ஒருத்தர்னு வச்சுக்குவோம். உப்பள வெயில்ல வளர்ந்தவருக்கு மலைக் குளிர் மேல ஆசை வர்றது இயல்புதானே? 10 வருஷத்துக்கு முன்னாடி 4 லட்சம் ரூபாய்க்கு 25 வருஷ மெம்பர்ஷிப் எடுத்தார். வருஷத்துக்கு 7 நாள். இப்ப 15 வருஷம் பாக்கி. (இதுல வர்ற எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு, உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.)

அவர் நினைக்கிறார்: "25-ல 15 வருஷம் மிச்சம் இருக்கு. அப்ப 4 லட்சத்துல 2 லட்சத்து 40 ஆயிரமாவது கிடைக்கணும்." ஆனா வாங்க வர்றவர் அப்படிப் பார்க்க மாட்டார். அவர் பார்க்கிற கணக்கு இது:

- அதே தரத்துல ரூம் வெளியில ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். 7 நாளைக்கு 35,000.
- வருஷாந்திரக் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 20,000.
- மிச்சம் ஆகுறது வருஷத்துக்கு 15,000.

15 வருஷத்துக்கு 2,25,000 ஆச்சேன்னு தோணும். ஆனா 15-வது வருஷம் மிச்சமாகப் போற 15,000 ரூபாய்க்கு இன்னைக்கு அந்த மதிப்பு இல்லை. வருஷத்துக்கு 8% வட்டி வச்சு இன்றைய மதிப்புக்குக் கொண்டு வந்தா சுமார் 1,28,000 ரூபாய்தான். வாங்குறவர் எல்லா வருஷமும் ஒரு நாள் கூட விடாம 7 நாளும் பயன்படுத்தினாதான் அதுவும்.

மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போக முடியாம விட்டுட்டார்னு வைங்க. சராசரியா வருஷத்துக்கு 23,300 ரூபாய்க்கு ரூம் கிடைக்குது, 20,000 கட்டணம் போகுது. மிச்சம் 3,300. அப்ப இன்றைய மதிப்பு சுமார் 28,000 ரூபாய்தான்! பயன்படுத்தாத நாட்களை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போக விடுற திட்டமா இருந்தா கொஞ்சம் கூடும். சீசன் இல்லாத மாசங்களுக்கான மெம்பர்ஷிப்பா இருந்தா இன்னும் குறையும். பெயர் மாற்றக் கட்டணமும் இதுல இருந்துதான் போகணும்.

ஆக, இந்த மெம்பர்ஷிப்போட நியாயமான விலை 28,000-க்கும் 1,28,000-க்கும் நடுவுல எங்கேயோ இருக்கு. கஷ்டமா இருக்கும்தான். ஆனா இந்த எண் உங்க மனசுல பதிஞ்சுட்டா, அடுத்து வரப்போற போன் கால் உங்களை ஒண்ணும் பண்ணாது.

அந்த போன் கால் எப்படி வரும்?

"சார், உங்க மெம்பர்ஷிப் நம்பர் இதுதானே? மும்பையில ஒரு கார்ப்பரேட் கம்பெனி அவங்க ஊழியர்களுக்காக மொத்தமா வாங்குறாங்க. உங்களுக்கு 6 லட்சம் ஓகேவா சார்?"

உங்க பேர், மெம்பர் நம்பர், வாங்கின வருஷம் எல்லாம் கரெக்டா சொல்வாங்க. அதை வச்சு நம்பிடாதீங்க. வாடிக்கையாளர் விவரம் கசியறது புதுசு இல்லை. சில நேரம் போன் சென்னையில இருக்கிற உங்களுக்கு வராது. விண்ணப்பத்துல நிரந்தர முகவரின்னு எழுதிக் கொடுத்த ஊர் வீட்டு நம்பருக்குப் போகும். "6 லட்சம் தர்றாங்களாம்ப்பா"ன்னு வீட்ல பெரியவங்க சந்தோஷமா உங்களுக்குச் சொல்வாங்க. அதனால இந்த விஷயத்தை அவங்ககிட்டயும் முன்கூட்டியே சொல்லி வைங்க.

அப்புறம் படிப்படியா வரும்:

1. பதிவுக் கட்டணம் 8,500 ரூபாய். "ரீஃபண்ட் ஆகிடும் சார்."
2. தடையில்லாச் சான்றிதழுக்கு 22,000 ரூபாய். கூடவே உங்க பேர்ல 6 லட்சத்துக்கு டிடி எடுத்த மாதிரி ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல வரும்.
3. "6 லட்சத்துக்கு 18% ஜிஎஸ்டி, 1,08,000 கட்டினா உடனே ரிலீஸ் ஆகிடும்."

கூட்டிப் பாருங்க: 1,38,500 ரூபாய். உங்க மெம்பர்ஷிப்போட அதிகபட்ச நியாய விலையை விடவே அதிகம்! முதல் 8,500 போனதுமே "இவ்வளவு கட்டிட்டோம், இன்னும் கொஞ்சம் கட்டினா வந்துடும்"னு மனசு சொல்லும். அவங்க நம்பி இருக்கிறதும் அந்த மனசைத்தான்.

சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்

நம்ம கடற்கரையில மீன் ஏலம் பார்த்திருப்பீங்க. ஏலம் எடுத்துக் கொடுக்கிறவருக்குக் கமிஷன் உண்டு. ஆனா அதை மீன் விக்கிறதுக்கு முன்னாடி மீனவர்கிட்ட கையை நீட்டிக் கேட்பாங்களா? வித்த பணத்துல கழிச்சுக்கிட்டு மீதியைத் தருவாங்க. அதே விதிதான் இங்கேயும்.

அடுத்த தடவை போன் வந்தா இதை மட்டும் சொல்லுங்க: "உங்க கமிஷன், ஜிஎஸ்டி, பதிவுக் கட்டணம் எல்லாத்தையும் கழிச்சுக்கிட்டு மீதியை என் அக்கவுண்ட்ல போடுங்க."

நிஜமா வாங்குறவருக்கு இதுல எந்தக் கஷ்டமும் இல்லை. மோசடிக்காரர் மட்டும்தான் "ரூல்ஸ் அப்படி இல்லை சார்"னு ஆரம்பிப்பார். ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாவே போட்டிருக்கு: 2008-ல வந்த டைம்ஷேர் வழிகாட்டுச் சட்டப்படி, விற்பனை முடியிறதுக்கு முன்னாடி மறுவிற்பனைத் தரகர் எந்த முன்பணமும் வாங்கக் கூடாது. நம்ம நாட்டுல டைம்ஷேருக்குன்னு தனிச் சட்டம் இல்லை. அதனால அந்த விதியை நாமளே நமக்குப் போட்டுக்கணும்.

படிச்சவங்களும் ஏமாறுறாங்களா?

ஆமாங்க. மெக்சிகோவுல டைம்ஷேர் வச்சிருந்த அமெரிக்கர்களை அங்கே இருக்கிற ஒரு போதைக் கடத்தல் கும்பலே கால் சென்டர் வச்சு ஏமாத்துச்சு. 2019-ல இருந்து 2023 வரைக்கும் சுமார் 6,000 பேர், கிட்டத்தட்ட 30 கோடி டாலர் இழந்ததா புகார் கொடுத்திருக்காங்கன்னு அமெரிக்க அரசு 2024-ல சொல்லுச்சு. அதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: ஏமாந்தவங்களுக்கே திரும்பவும் போன் வந்துச்சு, "நாங்க வக்கீல், நாங்க அரசு அதிகாரி, உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் மட்டும் கட்டுங்க"ன்னு. இந்த ரெண்டாவது போன் நமக்கும் வரலாம்.

நம்ம நாட்டுல வேற மாதிரி ஒரு பாடம். மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம், ஹோட்டல்ல தங்குற நாட்களை வித்துச்சு. தங்கலைன்னா சரண்டர் பண்ணி, கட்டினதுக்கு மேலேயே வாங்கிக்கலாம்னு ஆசை காட்டுச்சு. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பணம் போட்டாங்க. இது டைம்ஷேரே இல்லை, அனுமதி வாங்காத கூட்டு முதலீட்டுத் திட்டம்னு செபி முடிவு பண்ணி, சுமார் 7,035 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2016-ல உத்தரவு போட்டுச்சு. உத்தரவு வந்த பிறகும் மக்கள் வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. யாராவது டைம்ஷேரை "முதலீடு"ன்னு சொன்னா, அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க.

சரி, ஒழுங்கா விக்கிறது எப்படி?

1. கம்பெனிக்கு ஈமெயில் போடுங்க. ஒப்பந்தத்துல இருக்கிற முகவரிக்கு மட்டும். நாலு கேள்வி: என் பேர்ல பாக்கி எவ்வளவு? பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு? புது மெம்பருக்கு எல்லாச் சலுகையும் போகுமா? நானே சரண்டர் பண்ணினா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? பதில் எழுத்துல வேணும்.

2. கடன் இருந்தா முதல்ல அதை முடிங்க. இஎம்ஐ ஓடிக்கிட்டு இருக்கும்போது பெயர் மாத்துறது சிக்கல்.

3. மேலே போட்ட கணக்கைப் போடுங்க. அந்த எண்ணையும், கம்பெனி சொல்ற சரண்டர் தொகையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சில நேரம் சரண்டரே லாபமா இருக்கும்.

4. தெரிஞ்சவங்ககிட்ட ஆரம்பிங்க. ஆபீஸ், உறவு, நண்பர்கள். ஆன்லைன்ல விளம்பரம் போட்டா மெம்பர் நம்பர், ஆதார், பான் எதையும் போடாதீங்க.

5. பணமும் கையெழுத்தும். விலை, பாக்கியை யார் கட்டுறது, பெயர் மாற்றக் கட்டணம் யாருடையது, இது மூணையும் ஒரு ஒப்பந்தமா எழுதுங்க. பணம் வந்துச்சான்னு உங்க வங்கி ஆப்ல நீங்களே பாருங்க, ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. ஓடிபி-யும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.

6. பெயர் மாறிடுச்சுன்னு கம்பெனி எழுத்துல சொன்ன பிறகுதான் வேலை முடிஞ்சது. அது வரைக்கும் வருஷக் கட்டணம் உங்க தலையில.

யாரும் வாங்கலைன்னா? கட்டணத்தைக் கட்டாம சும்மா விட்டுடாதீங்க. பாக்கி ஏறலாம், மெம்பர்ஷிப் ரத்தானா போட்ட பணத்துக்கு என்ன ஆகும்ங்கிறதை ஒப்பந்தத்துல படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. சரண்டர் தொகை குறைவா இருந்தாலும், 15 வருஷக் கட்டணம் மிச்சம்ங்கிறதையும் கணக்குல சேருங்க.

ஏற்கனவே பணம் போயிடுச்சா?

வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராதீங்க. உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, வங்கிக்கும் சொல்லுங்க. பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குப் போறதுக்குள்ள சொன்னாதான் முடக்க வாய்ப்பு அதிகம். சந்தேகமான கால் வந்து பணம் போகலைன்னா, சஞ்சார் சாத்தி தளத்துல இருக்கிற சக்ஷு பகுதியில அந்த நம்பரைப் புகார் பண்ணலாம்.

மோசடி இல்லாம, மெம்பர்ஷிப் வித்த கம்பெனியே சொன்னதைச் செய்யலைன்னா அது நுகர்வோர் வழக்கு. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுல தீரலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற இடத்துலயோ, வேலை பார்க்கிற இடத்துலயோ வழக்குப் போடலாம். வாலிநோக்கத்துல குடியிருக்கிறவர் மும்பைக்கு அலைய வேண்டாம். ராமநாதபுரம் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும்.

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம்: மெம்பர்ஷிப் இருக்கிறவங்க ஒப்பந்தத்தை எடுத்து, பாக்கி வருஷம், வருஷக் கட்டணம், சரண்டர் விதி, இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. கணக்குல சந்தேகம் வந்தா எண்களை மட்டும் கமெண்ட்ல போடுங்க, மெம்பர் நம்பர் வேண்டாம். சேர்ந்து போட்டுப் பார்ப்போம். அடுத்த வீடியோவுல சந்திப்போம்.