அம்பாசமுத்திரத்து நெல்லும் அகில உலகமும்

பொதிகை மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபருணி, எட்டு அணைக்கட்டுகளின் வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் வயல்களுக்கு நீர் வழங்குகிறது. கார், பிசானம் என்னும் இரு பருவங்களிலும் நெல் விளையும் பூமி இது. இப்பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் புதியதன்று. 1937-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்நிலையம் வெளியிட்ட நெல் வகைகள் ஏ.எஸ்.டி. என்ற குறியீட்டைத் தாங்குகின்றன. நம் குடியானவர்கள் அவற்றைச் சுருக்கமாக ‘அம்பை’ என்று அழைப்பார்கள்.

ஆனால், இந்நிலையத்தின் நெல் ஒன்று கடல் கடந்து சென்று உலக ஆராய்ச்சி ஏடுகளில் இடம்பெற்றதை நம்மில் பலர் அறியோம். பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அதனை அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில், அதில் நம் கிராமங்களுக்குரிய கடமை ஒன்று அடங்கியிருக்கிறது.

சர்வதேச ஆராய்ச்சி என்பது யாது?

1965-66-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்தது. உணவுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை ஆசியாவின் பல நாடுகளுக்கும் அக்காலத்தில் பொதுவாக இருந்தது. இந்நிலையை மாற்றும் நோக்கத்துடன் 1960-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் என்னும் ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இத்தகைய நிலையங்களை ஒருங்கிணைத்து ஆதரிக்கும் சர்வதேசக் குழு 1971-இல் அமைந்தது. கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை லாஸ் பானோஸ் நிலையத்தின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார்.

அந்நிலையம் 1966-இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. தைவானின் குட்டை நெல்லையும் இந்தோனேசியாவின் நெட்டை நெல்லையும் இணைத்துப் பிறந்தது அது. நம் பழைய நெட்டை வகைகள் உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். ஐ.ஆர். 8-இன் தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் இருந்தமையால், இட்ட உரம் கதிரில் சேர்ந்தது.

வெளிநாட்டு நெல் என்று நாம் எண்ணும் இது இன்று நம் வயலிலேயே கலந்திருக்கிறது. 1986-இல் அம்பாசமுத்திரத்திலிருந்து வெளிவந்த அம்பை 16-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பெற்றோர் ஆடுதுறையின் ஏ.டி.டி. 31-உம் கோயம்புத்தூரின் கோ 39-உம் ஆகும். இவ்விரண்டின் முன்னோர் வரிசையிலும் ஐ.ஆர். 8 உண்டு. குறுகிய காலத்தில் விளையும் இக்குண்டு நெல், நம் கார்ப் பருவத்துக்கு ஏற்றதாயிற்று.

கொடுத்ததும் உண்டு

இவ்வாறு நாம் பெற்றதைப் போலவே கொடுத்ததும் உண்டு. தமிழ்நாட்டின் திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.கே.எம். 6 என்னும் நெல், தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும் குணமுடையது. லாஸ் பானோஸில் அதைப் பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர். 20 உருவாக்கப்பட்டு, 1969-இல் வெளிவந்தது. நம் மாவட்டங்களில் பல்லாண்டுகள் பயிரான ஐ.ஆர். 20-இன் உடலில் ஓடியது பாதி நம் இரத்தமே.

இனி அம்பாசமுத்திரத்து நெல்லுக்கு வருவோம். புகையான் பூச்சியை அறியாத நெல் விவசாயி இல்லை. தூரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும்; வயல் வட்டவட்டமாகத் தீய்ந்தது போல் காய்ந்துவிடும். 1970-களில் ஆசிய நாடுகள் பலவற்றில் இப்பூச்சி பெருஞ்சேதம் விளைத்தது. 1973-74-இல் கேரளத்துக் குட்டநாடும் அதற்கு இரையாயிற்று.

இதைத் தாங்கும் நெல் உண்டா என்று லாஸ் பானோஸ் ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு நெல் வகைகளைச் சோதித்தனர். முடிவு 1971-இல் வெளிவந்தது. புகையானைத் தாங்கும் மரபுக் கூறு ஒன்று முட்கோ என்னும் இந்திய நெல்லிலும் நம் கோ 22-இலும் காணப்பட்டது. இரண்டாவது மரபுக் கூறு ஏ.எஸ்.டி. 7-இல் காணப்பட்டது. உலக ஏடுகளில் ‘கார்சம்பா சிவப்பு’ என்ற பெயரும் சேர்த்துக் குறிக்கப்படும் இந்நெல், நம் அம்பாசமுத்திரத்து நெல்லேயாம். இன்றும் புகையான் பற்றிய ஆராய்ச்சிகளில் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கப்படும் நெல் வகைகளுள் இது ஒன்று.

இக்கதை தரும் எச்சரிக்கை

முதல் மரபுக் கூற்றைக் கொண்ட ஐ.ஆர். 26 என்னும் நெல் 1973-இல் வெளியிடப்பட்டது. விரிந்த பரப்பில் அந்த ஒரு நெல்லே பயிரிடப்பட்டமையால், மூன்றே ஆண்டுகளுக்குள் அதையும் தின்னவல்ல புகையான் கூட்டம் பெருகிவிட்டது. பின்னர் 1976-இல் ஐ.ஆர். 36 வந்தது. அதில் இருந்தது, ஏ.எஸ்.டி. 7-இல் கண்டறியப்பட்ட அதே வகைத் தடைக் கூறு. ஆயினும் அது கட்டாக்கிலிருந்து சென்ற வேறோர் இந்திய நெல்லின் வழியாகப் பெறப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஐ.ஆர். 36 உலகில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் பயிரிடப்பட்டது.

இதில் வருந்தத்தக்க செய்தியும் உண்டு. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் வாழும் புகையான் வேறு வகையைச் சேர்ந்தது. முட்கோவின் தடையும் ஏ.எஸ்.டி. 7-இன் தடையும் அதனிடம் செல்லவில்லை. பிறர் வயலைக் காத்த குணம் பிறந்த மண்ணில் உதவாமற் போயிற்று. இங்குள்ள புகையானை எதிர்க்கும் ஆற்றல், பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பட்டாம்பியின் பி.டி.பி. 33-இலும், இலங்கையின் ‘ரத்து ஹீனத்தி’ என்னும் நாட்டு நெல்லிலும் கண்டறியப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. எந்த நெல்லில் எந்தக் குணம் மறைந்திருக்கிறது, அது எந்த நாட்டுக்கு எந்த ஆண்டில் தேவைப்படும் என்பதை முன்னதாக யாரும் சொல்ல இயலாது. ஏ.எஸ்.டி. 7-ஐப் பேணி வைத்தவர்கள், பிற்காலத்தில் அது புகையான் ஆராய்ச்சிக்கு உதவும் என்று எண்ணி வைத்தவர்கள் அல்லர். விளைச்சல் குறைவு என்று அந்த விதையை ஒருவரும் பேணாது விட்டிருந்தால், தேடிய நாளில் அது கிடைத்திராது.

லாஸ் பானோஸ் வங்கியில் இன்று ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரில் பாதுகாக்கப்படுகின்றன. அது பெருஞ்சேவையே. ஆயினும் குளிர் அறையில் உறங்கும் விதை, மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளாது. அப்பழக்கம் வயலில்தான் வரும். வங்கியும் வயலும் சேர்ந்தே விதையைக் காக்க முடியும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் நெல் வகைகள் உள்ளனவா என்று பாருங்கள். முதியோரைக் கேட்டு, ஒவ்வொரு வகையின் பெயர், பருவம், குணம், வைத்திருப்பவர் ஆகியவற்றை எழுதுங்கள்.

2. 2001-ஆம் ஆண்டின் தாவர வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும், விதைக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை அளிக்கிறது. விவசாயிகள் பேணிய வகையை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யவும் இச்சட்டத்தில் வழியுண்டு.

3. ஊர் முழுவதும் ஒரே நெல்லை விதைப்பதைத் தவிர்க்கத் தூண்டுங்கள். இரண்டு மூன்று வகைகள் கலந்திருப்பின், பூச்சி ஒன்றை அழித்தாலும் மற்றவை நிற்கும்.

4. புகையானுக்குத் தடையுள்ள விதை மட்டும் போதாது. தழைச்சத்தை அளவோடு, பிரித்து இடுங்கள். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுங்கள். நீரை அவ்வப்போது வடித்துக் காயவிடுங்கள். சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களை அழிக்கும் மருந்தைக் கண்டபடி தெளிக்காதீர்கள். தெளித்த வயலில் புகையான் முன்னிலும் பெருகும்.

கிராம சபையில் விவாதிக்க

நம் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு முன் விளைந்து, இன்று மறைந்துவிட்ட நெல் எது? அதன் விதை இன்னும் யார் வீட்டிலேனும் உண்டா? இவ்வாண்டு அதைக் காற்காணி நிலத்திலேனும் விதைக்க முன்வருவோர் யார்?

இக்கேள்விகளுக்கு விடை தேடுவது சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால் லாஸ் பானோஸ் சென்ற நெல்லும் ஒரு நாள் இப்பள்ளத்தாக்கின் ஏதோ ஒரு குதிரில் விதையாக இருந்ததுதான். அந்தக் குதிரைக் காலியாக விடாதிருப்பது நம் பொறுப்பாகும்.