பாட்டிலை எண்ணுகிறோம், டீசலை எண்ணுவதில்லை

சினிமா, தொலைக்காட்சிப் படப்பிடிப்புகளால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் குப்பையைத்தான் சொல்வார்கள். யூனிட் கிளம்பிப் போனபின் கிடக்கும் தண்ணீர் பாட்டில், பேப்பர் கப், உடைத்துப் போட்ட செட். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய கேடு வேறிடத்தில் இருக்கிறது.

நம்பிக்கை: பிளாஸ்டிக் பாட்டிலை ஒழித்தால் படப்பிடிப்பு பசுமையாகிவிடும்.

பாட்டில் கண்ணில் படுகிறது, புகை காற்றோடு போய்விடுகிறது. அதனால் வந்த நம்பிக்கை இது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், படப்பிடிப்புகளைப் பசுமையாக்க உழைக்கும் பிரிட்டனின் ஆல்பர்ட் அமைப்பு, அரூப் என்ற பொறியியல் நிறுவனம் மூன்றும் சேர்ந்து 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 7 கோடி டாலருக்கு மேல் செலவாகும் ஒரு படத்தால் சராசரியாக 2,840 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்றது அது. அதில் 51 சதவீதம் ஆட்களும் சாமான்களும் பயணம் செய்ததால் வந்தது. 34 சதவீதம் மின்சாரமும் எரிவாயுவும். 15 சதவீதம் டீசல் ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவுட்டோரில் ஜெனரேட்டர் வேன் காலையில் ஓடத் தொடங்கினால் பேக்கப் சொல்லும்வரை ஓடுவது வழக்கம். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு விளக்குகூட எரியாதபோதும் அது நிற்பதில்லை. அன்றைக்குத் தேவைப்படும் மிகப் பெரிய விளக்கை மனதில் வைத்தே வண்டியை வரவழைக்கிறார்கள். அந்த விளக்கு ஒரே ஒரு காட்சிக்காக எரியும். மீதி நேரமெல்லாம் பெரிய எஞ்சின் சின்னச் சுமையை இழுத்துக்கொண்டு டீசலை வீணடிக்கிறது. பழைய எச்எம்ஐ விளக்குகள் இருந்த இடத்தில் எல்ஈடி வந்து மின்தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. வண்டி மட்டும் பழைய அளவிலேயே வந்தால், குறைந்திருக்க வேண்டிய டீசலில் பெரும்பங்கு குறைவதில்லை. 100 லிட்டர் டீசல் எரிந்தால் கால் டன்னுக்கும் அதிகமாக கார்பன் டை ஆக்சைடு வெளியாகும்.

இதற்கு மாற்று உண்டு. தற்காலிக மின் இணைப்பு வாங்கலாம், பேட்டரி வைக்கலாம், இரண்டு சிறிய ஜெனரேட்டர்களை வைத்துத் தேவைக்கு ஒன்றை ஓட்டலாம். ஆனால் இவற்றை ஸ்பாட்டில் நிற்கும் லைட்மேன் முடிவுசெய்ய முடியாது. லொகேஷன் பார்க்கும் நாளிலேயே புரொடக்‌ஷன் மேனேஜரும் ஒளிப்பதிவாளரும் பேசி வைக்க வேண்டியவை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: படப்பிடிப்பின் மாசு ஸ்பாட்டில் உருவாவதற்கு வெகுமுன்பே, பட்ஜெட் போடும் மேசையில் முடிவாகிவிடுகிறது.

நம்பிக்கை: பெரிய படங்கள்தான் மாசு செய்கின்றன, தொலைக்காட்சி சின்ன விஷயம்.

ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் கூட்டமைப்பு ஒன்று 2021இல் தந்த கணக்குப்படி, ஒரு மணி நேர நாடகத் தொடரின் ஓர் எபிசோடுக்கு சராசரியாக 77 டன் கார்பன் டை ஆக்சைடு. பத்து எபிசோடு எடுத்தால் 770 டன். அதே அறிக்கையில் ஒரு நடுத்தரப் படத்துக்கான சராசரி 769 டன்.

நம்பிக்கை: யூனிட் போனதும் இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

தாய்லாந்தின் பீ பீ லே தீவில் மாயா விரிகுடா இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் அடங்கிய இடம். 1999இல் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த ‘தி பீச்’ படத்துக்காக அங்கே மணல்மேடுகளை மட்டப்படுத்தினார்கள். மணலைப் பிடித்து வைத்திருந்த செடிகொடிகளை அகற்றிவிட்டு, கேமராவுக்கு அழகாக இருக்கும் என்று தென்னைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். கடற்கரையில் கிடந்த டன் கணக்கான குப்பையை அகற்றி, முன்பைவிட நன்றாகவே விட்டுச்செல்கிறோம் என்றது படத் தரப்பு. குப்பையை எடுத்திருக்கலாம். ஆனால் வேர் பிடிப்பு போன மணலை மழைக்காலம் அரித்துக்கொண்டு போனது. உள்ளூர் நிர்வாகமும் மக்களும் வழக்குத் தொடுத்தார்கள். சேதம் நடந்தது என்பதைத் தாய்லாந்து உச்ச நீதிமன்றம் 2006இல் உறுதிசெய்தது. மறுசீரமைப்பு குறித்த இறுதித் தீர்ப்பு வந்தது 2022இல். படத்தை எடுத்த ஸ்டுடியோ 1 கோடி பாட் தர ஒப்புக்கொண்டிருந்தது.

படம் பார்த்துவிட்டு வந்த கூட்டம் தனிக் கேடு. தினமும் ஆயிரக்கணக்கானோர் படகில் வந்திறங்கி, பவளப்பாறைகள் சிதைந்து, 2018 ஜூனில் விரிகுடாவையே மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 2022 ஜனவரியில். ஓர் இடத்தைத் திரையில் அழகாகக் காட்டுவதும் அந்த இடத்தின் மேல் ஒரு சுமைதான். அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பசுமை முறை என்றால் செலவு கூடும்.

சில இனங்களில் கூடும். மொத்தத்தில் குறைந்ததற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 2014இல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ குழு, பசுமை முறையைக் கவனிக்கவென்றே ஓர் ஆளை நியமித்து, சுமார் 4 லட்சம் டாலர் மிச்சப்படுத்தியது. எரிக்காத டீசலும் வாங்காத மரப்பலகையும் பணம்தானே.

எல்ஈடி திரைச் சுவர் வைத்து ஸ்டுடியோவுக்குள்ளேயே காட்டையும் கடலையும் காட்டினால் மாசே இருக்காது என்றும் சிலர் நம்புகிறார்கள். விமானப் பயணம் குறையும், அது பெரிய லாபம். ஆனால் அந்தச் சுவரும் கணினிகளும் அவற்றைக் குளிர்விக்கும் ஏசியும் நிறைய மின்சாரம் கேட்கும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் புகை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை: கலைக்கு விதி போட முடியாது.

போட்டிருக்கிறார்கள், படங்கள் நிற்கவில்லை. பிபிசி 2022 ஜனவரி முதல் தன் புதிய நிகழ்ச்சிகளுக்கு ஆல்பர்ட் சான்றைக் கட்டாயமாக்கியது. பிரான்சில் தேசியத் திரைப்பட மையமான சிஎன்சியிடம் நிதி கேட்பவர்கள் எடுப்பதற்கு முன் ஒன்று, எடுத்தபின் ஒன்று என இரண்டு கார்பன் கணக்குகள் தர வேண்டும். ஜெர்மனியில் 2023 முதல் கூட்டாட்சி அரசின் திரைப்பட நிதி பெறும் படங்களுக்கு டீசல் ஜெனரேட்டரிலும் குறுந்தூர விமானப் பயணத்திலும் கட்டுப்பாடு உண்டு. மூன்றிலும் பொதுவானது ஒன்று: பணம் கொடுப்பவர் கேட்கிறார், அதனால் கணக்கு வருகிறது.

நமக்கும் இது புதிதல்ல. படத்தில் விலங்கைப் பயன்படுத்தினால் விலங்குகள் நல வாரியத்தின் சான்று இல்லாமல் இந்தியாவில் தணிக்கைச் சான்று கிடைக்காது. தமிழ்ப் படங்கள் அந்த விதிக்குள்தான் இன்று எடுக்கப்படுகின்றன. டீசலுக்கு அதைவிட எளிதான தொடக்கம் போதும். எரிந்த லிட்டர் எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் பில்லிலேயே இருக்கிறது. தயாரிப்பாளர் சங்கமும் தொலைக்காட்சி நிறுவனங்களும் ஓடிடி தளங்களும் ஒவ்வொரு படத்திடமும் தொடரிடமும் அந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்கி வெளியிடட்டும்.