ஹப் சொல்வதும் கொடுப்பதும்

கடந்த ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவர்கள் எடுத்த செயல்திட்டக் காணொளிகளை மடிக்கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மடிக்கணினியில் வேலை செய்த யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. ஆகவே நான்கு துளைகள் கொண்ட ஹப் ஒன்றை அதில் செருகி, மவுஸ், விசைப்பலகை, ஹார்ட் டிஸ்க் மூன்றையும் அதிலேயே இணைத்திருந்தேன். பாதியில் ‘டிக், டிக்’ என்று ஓசை கேட்டது. ஹார்ட் டிஸ்க் திரையிலிருந்து மறைந்துவிட்டது. மூன்று குழுக்களின் காணொளிகள் பிறகு திறக்கவே இல்லை. வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தோம். உண்மையில் அது பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம்.

யுஎஸ்பி 2.0 விதிப்படி கணினியின் ஒரு துளை 5 வோல்ட்டில் அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர் தரும். அதாவது 2.5 வாட். தனி அடாப்டர் இல்லாத ஹப் இந்த 500-ஐத்தான் பங்கிட வேண்டும். தனக்கு 100, நான்கு துளைகளுக்கும் தலா 100. துளைகள் கூடுவதால் மின்சாரம் கூடுவதில்லை என்பதை மாணவர்கள் இந்தக் கூட்டல் கணக்கிலேயே பிடித்துக்கொள்வார்கள். அடாப்டர் இணைத்த ஹப் என்றால் துளைக்கு 500 வரை தரலாம்.

எந்தச் சாதனமும் இணைந்தவுடன் தனக்கு எவ்வளவு மின்னோட்டம் தேவை என்று கணினியிடம் அறிவிக்கும். கணினி அனுமதிக்கும் வரை 100-க்கு மேல் எடுக்கக் கூடாது. உறங்குநிலையில் 2.5 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. தரச் சோதனையில் இம்மூன்று நிலைகளிலும் அளவு எடுத்து, அறிவித்ததும் எடுத்ததும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஹப்புக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: அடாப்டர் இல்லாதபோது ‘இல்லை’ என்று அது உண்மையைச் சொல்கிறதா?

எங்கள் ஹப் சொல்லவில்லை. உண்மை சொல்லியிருந்தால், 500 கேட்ட ஹார்ட் டிஸ்க்கை ‘மின்சாரம் போதாது’ என்று கணினி முதலிலேயே மறுத்திருக்கும், காணொளிகளும் தப்பியிருக்கும். மலிவான ஹப்கள் பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு.

இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். அடாப்டரைக் கழற்றிவிட்டு ஹப்பை விண்டோஸ் கணினியில் செருகுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி பட்டியலைத் திறந்து, அந்த ஹப்பின் பிராப்பர்ட்டீஸில் ‘பவர்’ பகுதி இருந்தால் அதைப் பாருங்கள். ‘செல்ஃப் பவர்டு, துளைக்கு 500’ என்று இருந்தால் ஹப் பொய் சொல்கிறது. இணைத்த சாதனங்கள் கேட்கும் அளவும் அங்கேயே தெரியும். மாணவர்கள் அவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கூட்டட்டும்.

அடுத்து, துளைக்கும் சாதனத்துக்கும் இடையே செருகும் சிறிய யுஎஸ்பி மீட்டர் ஒன்று தேவை. சில நூறு ரூபாயில் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் எகிறுவதையும் அதே கணத்தில் மின்னழுத்தம் இறங்குவதையும் மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும். ஏன் இறங்குகிறது? ஓமின் விதிதான். போக வரக் கம்பியின் மின்தடை 0.5 ஓம் என்றால், 0.5 ஆம்பியரில் 0.25 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 5 வோல்ட் 4.75 ஆகும். நீளமான, மெல்லிய கம்பியில் மின்தடை 1 ஓம் என்றால் 4.5 தான் மிஞ்சும். வேறொரு கம்பியை மாற்றிப் போட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். புத்தகக் கணக்கைவிட இது அவர்கள் மனதில் நிற்கிறது.

ஒரு சோதனையை மட்டும் ஆசிரியரே செய்வது நல்லது. ஹப்புக்கு அடாப்டர் கொடுத்து, கணினியில் செருகும் முனையைக் கணினிக்குப் பதிலாக மீட்டரில் செருகுங்கள். மீட்டர் ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் அந்த ஹப் கணினிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. தரச் சோதனையில் இதுவும் தோல்விதான். எங்கள் பள்ளியில் இருந்த மூன்று ஹப்களில் ஒன்று ஒளிர்ந்தது. அதன் மேல் சிவப்பு நாடா ஒட்டி, அடாப்டரைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம். இப்போது அது மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் மட்டும். ஹார்ட் டிஸ்க் நேராகக் கணினியில்.