திருப்பிப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பாரிசில் சான்-ஜெர்மான் பகுதியில், ஆப்பிரிக்க, ஓசியானியக் கலைப்பொருள்கள் விற்கும் கேலரியில் வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி படித்து மனம் நிறைந்தது. அசலையும் போலியையும் பிரித்தறியும் கண் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறாய். வரும், கவலைப்படாதே. நாள் முழுக்கப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்கிற வேலை உனக்கு. கே பிரான்லி அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. செப்டம்பரில் 'பார்க்கூர் தே மோந்த்' என்ற கலைச்சந்தை நடக்கும்போது பல நாட்டு வியாபாரிகள் உங்கள் தெருக்களுக்கே சரக்கோடு வந்து இறங்குவார்கள். கூச்சப்படாமல் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கு.

ஒன்று மட்டும் இப்போதே பழகிக்கொள். முகமூடி ஒன்று கைக்கு வந்தால், அதன் முகத்தில் மயங்குவதற்கு முன் திருப்பி உள்பக்கத்தைப் பார். ஆட்டத்தில் உண்மையாகவே அணிந்த முகமூடி என்றால் நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு படும் இடங்களில் வியர்வையும் எண்ணெயும் ஊறி மரம் கறுத்து வழவழப்பாகியிருக்கும். மற்ற இடம் உளித் தடத்தோடு வறண்டு கிடக்கும். விளிம்பில் நார் கோப்பதற்குப் போட்ட துளைகளைக் கவனி. கயிறு இழுபட்ட பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். உள்பக்கம் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், துளைகளின் ஓரம் சுற்றிலும் கூராகவே இருந்தால், சாயம் பூசியவன் யார் என்று யோசி.

அடுத்து, சிலை நிற்கும் மரப்பீடத்தைப் பார். 1906-இல் பாரிஸ் வந்து 1951-இல் இறக்கும்வரை இனாகாகி கிச்சிஸோ என்ற ஜப்பானியத் தச்சர் அங்கே பீடம் செய்துவந்தார். சிற்பி ரோதேனுக்கும், பால் கியோம், ஜோசப் பிரம்மர் போன்ற பெரிய வியாபாரிகளுக்கும் செய்துகொடுத்திருக்கிறார். அவருடைய பீடத்தில் சின்னதாக ஜப்பானிய முத்திரை இருக்கும். அது இருந்தால் அந்தச் சிலை 1951-க்கு முன்பே பாரிசுக்கு வந்திருக்கக்கூடும் என்று ஒரு தடயம் கிடைக்கிறது. ஆனால் பீடத்தைக் கழற்றி வேறு சிலைக்கு மாட்டுவது கஷ்டமான வேலை இல்லை. ஆகவே கால் பதிந்த தடமும் பீடத்தின் குழியும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு நம்பு.

இவ்வளவும் பொருள் பழையதா என்பதற்கு. அது எப்படித் தன் ஊரை விட்டுப் புறப்பட்டது என்பதை இந்தத் தொழிலில் பல பேர் கேட்பதே இல்லை. நம்மூரில் அரை கிரவுண்டு மனை வாங்கினாலும் தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்று கேட்கிறோம். பல லட்சம் யூரோ பெறும் சிலைக்கு 'ஐரோப்பியத் தனியார் தொகுப்பிலிருந்து' என்ற ஒற்றை வரி போதும் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

சில நேரம் உடைந்த இடமே பதில் சொல்லிவிடும். 2011-இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்துக்கு கம்போடியாவின் துரியோதனன் சிலை வந்தது. அதற்குப் பாதம் இல்லை. கோ கேர் என்ற இடத்தில், பிரசாத் சென் கோயிலில், பாதங்கள் மட்டும் பீடத்தோடு நின்றுகொண்டிருந்தன. வழக்கு நடந்து, 2014-இல் சிலை கம்போடியாவுக்குத் திரும்பியது. கணுக்காலில் வெட்டுப்பட்ட சிலையை இனி நீ எங்கே பார்த்தாலும், மீதி எங்கே நிற்கிறது என்று கேட்கவேண்டும்.

காகிதம் இருக்கிறதே என்பார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதும் காகிதத்தைப் பார்த்துத்தான். சிலை 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டு வந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படச் சேகரத்திலோ, அதே நடராஜர் 1990களில் கோயிலிலேயே இருந்த படம் கிடைத்தது. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. விற்ற நியூயார்க் கேலரியின் சுபாஷ் கபூருக்கு, சிலைத் திருட்டு வழக்கு ஒன்றில் 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. காகிதத்தில் ஒரு பெயர் இருந்தால் அந்த மனிதரைத் தேடிப் பேசு. பழைய படங்கள் எங்கே இருக்கின்றன என்று விசாரி. புதுச்சேரிக்கு ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

கென்யக் கடற்கரைப் பகுதியின் மிஜிகெண்டா மக்களைப் பற்றியும் உனக்குச் சொல்லவேண்டும். அவர்களில் கோஹு என்ற சங்கத்தைச் சேர்ந்தவர் இறந்துபோனால் அவருக்காக மரத்தில் 'கிகாங்கோ' செதுக்கி நடுவார்கள். பலவற்றைச் சேர்த்துச் சொன்னால் 'விகாங்கோ'. இறந்தவரின் ஆவி அதில் இருப்பதாக நம்பிக்கை. ஊரே வேறிடம் பெயர்ந்தாலும் அதை யாரும் பிடுங்கக்கூடாது, மழையிலும் கரையானிலும் தானாக மக்கிப்போகும்வரை அங்கேயே நிற்கவேண்டும். 1985-இல் மோனிகா உத்வார்தி என்ற மானுடவியலாளர் ஒரு மிஜிகெண்டா மனிதரை, அவர் இறந்த சகோதரர்களுக்கு நட்ட இரண்டு விகாங்கோவுக்கு அருகே நிற்கவைத்துப் படம் எடுத்தார். கொஞ்ச நாளிலேயே இரண்டும் களவுபோயின. 1999-இல் ஒரு மாநாட்டில் காட்டிய படத்தில், அவற்றில் ஒன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பதைக் கண்டு அடையாளம் சொன்னவர் மோனிகாவேதான். 2007-இல் அது ஊர் வந்து சேர்ந்தது. டென்வர் இயற்கை, அறிவியல் அருங்காட்சியகம் 2019-இல் 30 விகாங்கோவைத் திருப்பி அனுப்பியது.

கேலரியில் வெள்ளைச் சுவரை ஒட்டி, மேலிருந்து விளக்கு அடித்து, ஒரு கிகாங்கோவை நிறுத்தினால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நான் மறுக்கவில்லை. அங்கேயே விட்டிருந்தால் மக்கிப்போயிருக்கும், நாங்கள் காப்பாற்றினோம் என்று உன்னிடம் விற்க வருபவர் சொல்வார். மக்கிப்போவதுதான் அதற்கு விதித்த வாழ்வு. அதை வாங்காதே. முதலாளி வற்புறுத்தினால், இது விற்பனைக்கானதே இல்லை என்று அவரிடம் தெளிவாகச் சொல். அந்த ஒரு சொல்லுக்காக வேலை போகும் இடம் என்றால், போகட்டும்.

வாங்கும் கையைப் பற்றியும் கேள். 2021-இல் தெற்கு பிரான்சில் ஒரு முதிய தம்பதி பழைய வீட்டைக் காலிசெய்யும்போது, பழம்பொருள் வியாபாரி ஒருவருக்கு ஒரு முகமூடியை 150 யூரோவுக்கு விற்றார்கள். கணவரின் தாத்தா ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக் காலனி ஆளுநராக இருந்தவர். அது காபோன் நாட்டு ஃபாங் மக்களின் 'ஙில்' முகமூடி. வெண்களிமண் பூசிய நீண்ட முகம். குற்றம் செய்தவர்களைத் தேடி இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் வரும் சங்கத்தார் அணிந்தது. உலகில் தெரிந்தவரை இவ்வகையில் ஒரு டஜன் அளவுக்கே இருக்கின்றன. 2006-இல் வெரித்தே தொகுப்பு ஏலத்தில் இதே வகை முகமூடி ஒன்று 50 லட்சம் யூரோவைத் தாண்டியது. இந்த 150 யூரோ முகமூடி 2022 மார்ச்சில் மோன்பெலியே ஏலத்தில் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. அன்று ஏலக்கூடத்தில் காபோன் வம்சாவளியினர் எழுந்து நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். தம்பதி செய்தித்தாளைப் பார்த்துத்தான் விஷயம் அறிந்தார்கள். 2023 டிசம்பரில் அலெஸ் நீதிமன்றம் வியாபாரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. விற்பதற்கு முன் மதிப்பை விசாரிக்காதது அவர்களின் கவனக்குறைவு என்றது. முகமூடியைத் திருப்பித் தரக் கேட்ட காபோன் அரசின் மனுவும் தள்ளுபடியானது.

தெரியாமல் வாங்கிய வியாபாரியைக் குற்றவாளி ஆக்கமுடியாது என்பதில் சட்ட நியாயம் இருக்கலாம். உனக்கு அந்தச் சாக்கு இருக்காது, தம்பி. நீ படித்தவன். உன் எதிரில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குத் தெரியாதது உனக்குத் தெரியும் என்றால், விலை பேசுவதற்கு முன் அதை வாய்விட்டுச் சொல். வேறு இருவரிடம் மதிப்புக் கேட்டுவிட்டு வரச்சொல். அதனால் சில பொருள்கள் கைநழுவிப் போகும், போகட்டும். பொருளை எடுத்துவந்த ஊரின் பெயரையும் விற்க வந்தவரிடம் சொல்.

பிரான்சில் பழம்பொருள் வாங்கி விற்பவர்கள், யாரிடம் என்ன வாங்கினோம் என்று பதிவேடு வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் அந்த வேலை உன் தலையில்தான் விழும். சட்டம் கேட்பதோடு நிறுத்தாதே. விற்கிறவரின் தாத்தா எந்த ஊரில் என்ன வேலையில் இருந்தார், எந்த ஆண்டு திரும்பினார், பொருள் பரிசாக வந்ததா, விலைக்கா, பறித்ததா, வீட்டில் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுது. பழைய ஆல்பத்தில் படம் இருந்தால் நகல் எடுத்துவை. விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை. வந்தவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டு, சொன்னதை அன்றைக்கே எழுதி முடித்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்